ஆகாய விமானத்தைத் தாங்குவது எது?



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நமக்கு ஆகாய விமானம் புதுமையான பொருளன்று. நீலாய், லாபு, லுக்குட் வட்டாரங்களில் அது நாள்தோறும் நம் தலைக்குமேல் போய்வருகிறது. செப்பாங்கில் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் எழுந்தது. 1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அதைத் திறந்துவைத்தவர், நம் மாநிலத்தைச் சேர்ந்த மாமன்னர் துவாங்கு ஜாஃபர் அவர்கள்.

நம் முன்னோர் கப்பலில் வந்தவர்கள். 1985ஆம் ஆண்டு தீ விபத்துக்குள்ளாகும்வரை ‘சிதம்பரம்’ கப்பல் தமிழ்நாட்டுக்கும் நம் நாட்டுக்குமிடையே ஓடிக்கொண்டிருந்தது. பல நாள் பயணம். இன்று செப்பாங்கிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறோம். கப்பலைத் தண்ணீர் தாங்குகிறது; அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகாய விமானத்தைத் தாங்குவது எது? முதல் தடவை விமானம் ஏறுகிற பாட்டியின் மனத்தில் இந்தக் கேள்வி அச்சமாக இருக்கிறது. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் பேரனின் மனத்தில் அது வியப்பாக இருக்கிறது. இருவருக்கும் விடை ஒன்றுதான். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

‘எஞ்சின்தான் தாங்குகிறது’ என்று பலர் சொல்வார்கள். அப்படியானால் எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப்போல் விழ வேண்டும் அல்லவா? இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு.

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள். அப்போது நமது பெரிய விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. லண்டனிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம் ஒன்று சுபாங்கில் இறங்கி, மறுபடியும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் புறப்பட்டது. உள்ளே 263 பேர். இரவு நேரம். ஜாவாத் தீவின் அருகே, 37,000 அடி உயரத்தில், கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மண்டலத்துக்குள் அது அறியாமல் நுழைந்தது. சாம்பல் எஞ்சின்களுக்குள் புகுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின.

விமானம் கல்லைப்போல் விழுந்ததா? இல்லை. எஞ்சின் ஓசையே இல்லாமல், சரிவான பாதையில் பல நிமிடங்கள் பறந்துகொண்டே இறங்கியது. சுமார் 13,000 அடிக்கு வந்து, சாம்பல் இல்லாத காற்றை அடைந்ததும், எஞ்சின்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஜக்கார்த்தாவில் அது இறங்கியது. 263 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்த நிமிடங்களில் அவர்களைத் தாங்கியது எஞ்சின் அன்று. தாங்கியது இறக்கை. எஞ்சினின் வேலை விமானத்தை முன்னே இழுத்துச் செல்வது. மேலே தாங்கி நிற்பது இறக்கையின் வேலை. அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது?

முதலில் காற்றைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காற்று வெறுமை அன்று. அது ஒரு பொருள். அதற்கு எடை உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் அடங்கும் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. மூன்று மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள காற்றின் எடை சுமார் 32 கிலோகிராம். பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் எடைக்குக் குறையாது!

எடையுள்ள எந்தப் பொருளையும் நாம் ஒரு பக்கம் தள்ளினால், அது நம்மை எதிர்ப்பக்கம் தள்ளும். 1687ஆம் ஆண்டு ஐசக் நியூட்டன் எழுதிவைத்த விதி இது. படகோட்டி துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறான். படகு முன்னே போகிறது. இறக்கையும் இதையேதான் செய்கிறது. அது காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேல்நோக்கிய இந்த விசையைத் தூக்குவிசை என்கிறோம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய பயிற்சிப் புத்தகத்தின் கெட்டி அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விசிறியை ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று, அட்டையின் விளிம்பு விசிறியை நோக்கி இருக்கும்படி படுக்கையாகப் பிடியுங்கள். அட்டை பெரிதாக அசையாது. இப்போது விசிறியை நோக்கிய விளிம்பை மட்டும் சற்று மேலே உயர்த்துங்கள். உடனே கை மேலே தூக்கப்படுவதை உணர்வீர்கள். வந்த காற்று அட்டையில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்புகிறது. அட்டை மேலே போகிறது. இந்தச் சிறு சாய்வைச் சாய்கோணம் என்று சொல்லலாம். திடலில் பிள்ளைகள் விடுகின்ற பட்டம் பறப்பதும் இந்தச் சாய்கோணத்தால்தான்.

ஆனால் காற்று இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் படுவதில்லை. மேல்பக்கமும் படுகிறது. உண்மையைச் சொன்னால், மேல்பக்கம்தான் அதிகமான வேலையைச் செய்கிறது. அது எப்படி?

இன்னொரு சோதனை. குழாயைத் திறந்து தண்ணீரைச் சீராக ஒழுகவிடுங்கள். ஒரு கரண்டியின் காம்பை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து, தலை கீழாகத் தொங்கவிட்டு, அதன் முதுகுப் பக்கத்தைத் தண்ணீரின் ஓரத்தில் மெல்லத் தொடச் செய்யுங்கள். தண்ணீர் கரண்டியை வெளியே தள்ளிவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும். உற்றுப் பாருங்கள்: கரண்டியின் வளைந்த முதுகை ஒட்டியே தண்ணீர் வழிந்து, பக்கவாட்டில் திரும்பி விழுகிறது. தண்ணீர் ஒரு பக்கம் திரும்புகிறது. கரண்டி எதிர்ப்பக்கம் போகிறது. துடுப்பின் கணக்கேதான் இங்கும்.

இறக்கையின் மேல்பக்கம் கரண்டியின் முதுகைப் போன்றது. அதன்மீது ஓடும் காற்று வளைவை ஒட்டியே சென்று, பின்விளிம்பைவிட்டு நீங்கும்போது கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. காற்று கீழே, இறக்கை மேலே.

அப்படித் திரும்பும்போது காற்றழுத்தத்தில் ஒரு மாறுதல் உண்டாகிறது. வாளியில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீர் வட்டமாகச் சுற்ற வேண்டுமானால், வெளிப்புறத்திலிருந்து வாளியின் அடிப்பாகம் அதை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கையின்மேல் வளைந்து செல்லும் காற்றையும் ஏதாவது ஒன்று வளைவின் உட்புறமாகத் தள்ள வேண்டும். அங்கே வாளி இல்லை. அதற்கும் மேலேயுள்ள காற்றுதான் தள்ளுகிறது. மேலேயுள்ள காற்றின் அழுத்தம் மிகுந்தும், இறக்கையை ஒட்டியுள்ள காற்றின் அழுத்தம் குறைந்தும் இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே இறக்கையின் மேல்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. கீழ்ப்பக்கத்தில் காற்று தடுத்துத் திருப்பப்படுவதால் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. கீழே அதிகம், மேலே குறைவு. ஆகவே இறக்கை மேலே தள்ளப்படுகிறது. ‘காற்றைக் கீழே திருப்புகிறது’ என்பதும் ‘அழுத்த வேறுபாடு தூக்குகிறது’ என்பதும் இரண்டு வேறு காரணங்கள் அல்ல. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கங்களிலிருந்து பார்ப்பவை அவை.

இவ்வளவு பெரிய இரும்புப் பறவையைத் தூக்க எவ்வளவு அழுத்த வேறுபாடு வேண்டும்? கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் நெடுங்காலமாகப் பறந்துவரும் போயிங் 737-800 விமானம், பயணிகளும் எண்ணெயும் நிறைந்து புறப்படும்போது, அதிக அளவாக 79 டன் எடை இருக்கலாம். அதன் இறக்கைகளின் பரப்பு சுமார் 125 சதுர மீட்டர். 79,000 கிலோகிராமை 125ஆல் வகுத்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 632 கிலோகிராமைத் தாங்க வேண்டும். பத்துப் பெரியவர்களின் எடை! கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் நம்மைச் சூழ்ந்துள்ள காற்று, தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 10,300 கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. அந்த அழுத்தத்தில் மேலுக்கும் கீழுக்கும் நூற்றுக்கு ஆறு பங்கு வேறுபாடு உண்டானால் போதும், 79 டன்னும் எழுந்துவிடும். காற்றிடம் வலிமை ஏராளம். அதில் ஒரு சிறு பகுதியைத்தான் இறக்கை கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இந்த இடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பல புத்தகங்களில் இதற்கு வேறொரு விளக்கம் எழுதப்பட்டிருக்கும். ‘இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே பாதை நீளம், கீழ்ப்பக்கம் குறுக்கம். முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே மேல்காற்று விரைந்து ஓடுகிறது. அதனால் அங்கே அழுத்தம் குறைகிறது’ என்பது அந்த விளக்கம். கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அது சரியன்று.

ஏன் சரியன்று? மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, பட்டம். அதன் காகிதம் மெல்லியது. மேலும் கீழும் பாதை ஒரே நீளம். ஆனாலும் அது பறக்கிறது. இரண்டாவது, 1991 முதல் லங்காவியில் நடந்துவரும் ‘லீமா’ போன்ற விமானக் கண்காட்சிகளில், சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறந்து காட்டும். இறக்கையின் வளைவு கீழ்ப்பக்கம் வந்தபின்னும், மூக்கைச் சற்று உயர்த்திச் சாய்கோணத்தைச் சரிசெய்துகொண்டால் அவை விழுவதில்லை. மூன்றாவது, காற்றுச் சுரங்கத்தில் புகையைவிட்டுப் பார்த்தார்கள். 2003ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோல்கர் பாபின்ஸ்கி என்பவர் இதை ஆசிரியர்களுக்காக விளக்கி எழுதினார். மேலே சென்ற புகையும் கீழே சென்ற புகையும் பின்விளிம்பில் ஒன்றாகச் சேரவில்லை. மேலே சென்றதே முந்திவிட்டது! ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் காற்றுக்குக் கிடையாது.

மேல்காற்று விரைவாக ஓடுவது உண்மைதான். விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைவு என்று 1738ஆம் ஆண்டு டேனியல் பெர்னூலி எடுத்துரைத்த கருத்தும் உண்மைதான். அந்த விரைவுக்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டுமே தவறு. காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி ஓடும்போது வேகம் பெறுகிறது. மேல்பக்கத்தில் அழுத்தம் குறைந்திருப்பதால்தான் அங்கே காற்று விரைகிறது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஒன்றை நம்ப வேண்டியதில்லை, பிள்ளைகளே. ஒரு பட்டத்தையும் ஒரு கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைச் சோதித்துப் பார்க்க உங்களாலும் முடியும்.

இனி, விமானம் எழும்புவதற்கு ஏன் அவ்வளவு நீளமான ஓடுபாதை வேண்டும் என்று பார்ப்போம். செப்பாங்கின் ஓடுபாதைகள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ளவை. விமானத்தின் வேகம் இரண்டு மடங்கானால், ஒரு விநாடியில் இறக்கை சந்திக்கின்ற காற்று இரண்டு மடங்காகும். அந்தக் காற்று கீழே தள்ளப்படும் வேகமும் இரண்டு மடங்காகும். ஆகவே தூக்குவிசை இரண்டும் இரண்டும் பெருக்கி நான்கு மடங்காகிறது. அதனால்தான் முதலில் வேகம் வேண்டும். 737 போன்ற விமானம் மணிக்கு 250 முதல் 280 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பின்பே தரையைவிட்டு எழும்புகிறது.

இறங்கும்போது வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறைந்தால் தூக்குவிசையும் குறைந்துவிடுமே! அதற்காக இறக்கையின் பின்விளிம்பிலிருந்து சில தகடுகள் வெளியே நீண்டு, கீழ்நோக்கி வளைகின்றன. இறக்கையின் பரப்பும் வளைவும் கூடி, காற்று இன்னும் அதிகமாகக் கீழே திரும்புகிறது. சன்னலோரம் அமர்ந்தவர்கள் இதைக் காணலாம். ‘கறகற’ என்ற ஓசையும் கேட்கும். இறக்கை உடைகிறதோ என்று அஞ்ச வேண்டாம். அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் சாய்கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தூக்குவிசையும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. இதற்கு ஓர் எல்லை உண்டு. மறுபடியும் விசிறியின் முன் அட்டையைப் பிடியுங்கள். கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஓரளவுக்குமேல், கை மேலே தூக்கப்படுவது குறைந்து பின்னே தள்ளப்படும். விமான இறக்கைகளில் பெரும்பாலும் 15 பாகை அளவில் இது நேர்கிறது. மேல்பக்கத்துக் காற்றால் அதற்குமேல் வளைவை ஒட்டிச் செல்ல முடிவதில்லை. அது பிய்த்துக்கொண்டு சுழல்களாகச் சிதறுகிறது. தூக்குவிசை சரிகிறது. இந்த நிலையை ‘ஸ்டால்’ என்பார்கள்; இறக்கை பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிப்பதற்காகப் பெட்டி வைத்து வளர்க்கிறோமே, அந்த ஆந்தையைக் கவனியுங்கள். பெட்டியில் வந்து அமரும் கடைசி நொடியில் இறக்கைகளை நன்றாக நிமிர்த்திக்கொள்ளும். தூக்குவிசையை விட்டுவிட்டு, காற்றை வேகத்தடையாகப் பயன்படுத்தும் வித்தை அது. கால் ஊன்ற இடம் பக்கத்தில் இருப்பதால் அதற்குத் துன்பமில்லை.

உயரத்தில் இது நேர்ந்தால் ஆபத்து. பறவைகளை ஆராய்ந்து, இறக்கை கட்டிக்கொண்டு இரண்டாயிரம் தடவைக்குக் குறையாமல் பறந்து பார்த்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால், 1896ஆம் ஆண்டு இப்படித்தான் இறக்கை பிடிப்பிழந்து விழுந்து மாண்டார். அவருடைய முயற்சியைத் தொடர்ந்த ரைட் சகோதரர்கள், 1901ஆம் ஆண்டு சிறு காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துப் பலவகை இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய எஞ்சின் விமானம் முதன்முதலாக 12 விநாடி பறந்தது.

அறிவு இவ்வளவு வளர்ந்த பின்னரும் இறக்கையின் விதி மாறிவிடவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், பிரேசிலிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்றில், வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. வேகமானி தவறாகக் காட்டியது. இருளில் குழம்பிப்போன விமானி மூக்கை மேலே தூக்கிப் பிடித்தார். சாய்கோணம் எல்லை மீறியது. இறக்கை பிடிப்பை இழந்தது. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனாலும் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் மாண்டார்கள். பிடிப்பிழந்த இறக்கையை மீட்க ஒரே வழி, மூக்கைத் தாழ்த்துவது. விழுந்துகொண்டிருக்கும்போது கீழ்நோக்கித் திருப்புவது மனித மனத்துக்கு எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். விமானிகளுக்கு இந்தப் பயிற்சி திரும்பத் திரும்பத் தரப்படுவது அதனால்தான்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், நேயர்களே. 1982இல் நான்கு எஞ்சின்களும் நின்றன, இறக்கை வேலை செய்தது, அனைவரும் பிழைத்தார்கள். 2009இல் எஞ்சின்கள் ஓடின, இறக்கை வேலை செய்யவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

எஞ்சின் நின்ற விமானம் முன்னே செல்ல வேகத்தை எங்கிருந்து பெற்றது என்று சிலர் கேட்கலாம். மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது நாம் மிதிப்பதில்லை. உயரம் குறைகிறது, வேகம் கிடைக்கிறது. அதைப் போலவே விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இருக்கும் உயரத்தைச் சிறுகச் சிறுகச் செலவழித்து வேகத்தை வாங்குகிறார். 747 போன்ற விமானம் ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தூரம் முன்னே சென்றுவிடும். 37,000 அடி உயரம் என்பது கையிருப்புப் பணத்தைப் போன்றது. சிக்கனமாகச் செலவழித்தால் கரை சேரலாம்.

இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கியும் பிள்ளைகளுக்குப் புரியாததால், அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டினார். அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் விமானப் பொறியியல் படித்து, 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். நமக்குக் கடற்கரை பக்கத்தில் இல்லாவிட்டாலும், செம்பனைக்கு மேலே வட்டமிடும் பருந்து இருக்கிறது. அந்திவேளையில் ஆந்தை இருக்கிறது. அவற்றுக்கும் மேலே விமானம் இருக்கிறது.

ஆகவே, பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து ‘அது எப்படி விழாமல் போகிறது?’ என்று கேட்டால், ‘போய்ப் படி’ என்று விரட்டிவிடாதீர்கள். அதுவே படிப்புத்தான். ஓர் அட்டையையும் ஒரு கரண்டியையும் கையில் கொடுங்கள். ‘இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தாங்குகிறது’ என்று சொல்லுங்கள். பிறகு அவர்களையே சோதித்துப் பார்க்கவிடுங்கள்.